கயிறு பிடிக்கிறவன்

அந்தக் கல்லில் உட்காருங்கள். காலை மட்டும் இந்தப் பக்கம் நீட்டாதீர்கள், அம்பில் கட்டிய கயிறு கிடக்கிறது. கயிற்றை மிதித்தால் அம்பு போகாது. போகாத அம்பு திரும்பி வரும். எய்தவன் முகத்துக்குத்தான் வரும்.

பேசலாம், பரவாயில்லை. பேச்சுக் குரலுக்கு மீன் ஓடாது. நிழலுக்கு ஓடும். ஒரு கல் உருண்டால் ஓடும். உங்கள் குடும்பம் அந்த மேட்டிலேயே நின்று போட்டோ எடுக்கட்டும். குழந்தைகளை மட்டும் தண்ணீர்ப் பக்கம் விட வேண்டாம். அணையில் தண்ணீர் ஏறுகிற காலம் இது. போன மாதம் சோளம் அறுத்த காடு இப்போது தண்ணீருக்குள் இருக்கிறது. அந்தச் சோளத் தட்டையைக் கடிக்கத்தான் மீன் கரைக்கு வருகிறது.

முழங்கால் தண்ணீரில் வில்லோடு நிற்கிறானே, அவன் என் மச்சான். சம்சாரத்தின் தம்பி. செங்கோட்டுவேல். ஜவுளி மூட்டை ஏற்றுகிற சின்ன வண்டி ஓட்டுகிறான். எனக்குப் பின்னால் கயிற்று வாளியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் அத்தியப்பன். வெல்டிங் பட்டறைக்காரர். பட்டறைச் சத்தத்தில் அவருக்குக் காது கொஞ்சம் போய்விட்டது. நாம் பேசுவது கேட்காது. நடுவில் கயிற்றோடு நிற்கிறது நான். நாச்சிமுத்து. ஜலகண்டாபுரத்தில் தறி ஓட்டுகிறேன். ஓட்டினேன். இப்போது துணி மடிக்கிற வேலை. வயதுக்கு மரியாதை கொடுத்து மாற்றியிருக்கிறார்கள்.

வில்லில் மீன் அடிக்கிறவர்களை நீங்கள் செல்போனில் பார்த்திருப்பீர்கள். வில்லிலேயே ஒரு டப்பாவைக் கட்டி, அதில் கயிற்றைச் சுற்றி வைத்திருப்பார்கள். ஒரே ஆள் எய்து ஒரே ஆள் இழுப்பான். நாங்கள் அப்படி இல்லை. எங்களுக்கு ஆரம்பத்திலிருந்தே எய்கிறவன் ஒருத்தன், கயிறு பிடிக்கிறவன் ஒருத்தன். அம்பு மீனில் ஏறியதோடு எய்தவன் வேலை முடிந்தது. அப்புறம் எல்லாம் கயிறு பிடிக்கிறவன் பாடு. கரைக்கு வந்தால்தான் மீன். அதுவரைக்கும் தண்ணீரில் ஒரு சத்தம், அவ்வளவுதான்.

பட்டதும் இழுக்கக் கூடாது. புதிதாக வருகிறவன் எல்லாரும் அங்கேதான் தப்புச் செய்கிறான். கட்லாவுக்குச் சதை மெத்து. அம்பு முனையில் இரண்டு முள் விரிந்து பிடித்திருக்கும். முரட்டுத்தனமாக இழுத்தால் சதை கிழிந்து அம்பு மட்டும் வரும், மீன் வராது. அது இழுத்தால் விட வேண்டும். அது நின்றால் எடுக்க வேண்டும். கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது, விரலுக்கு நடுவில் ஓட விட வேண்டும். கரைக்குக் கிட்டே வந்து ஆளைப் பார்த்ததும் இன்னொரு ஓட்டம் ஓடும். பாதி மீன் அங்கேதான் தப்பும். அந்த ஓட்டத்துக்கும் விட்டுவிட்டு, அது சோர்ந்து சாய்கிறபோது தண்ணீருக்குள்ளேயே சாக்கை விரித்து, தலையைச் சாக்கின்மேல் ஏற்ற வேண்டும். கயிற்றால் தூக்கக் கூடாது. கயிறு மீனைக் கூட்டிக்கொண்டு வருவதற்குத்தான், தூக்குவதற்கு இல்லை.

இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தறியில் பாவு இழை அறுவதற்கு முன்னாடி ஒரு நடுக்கம் வரும். விரலை வைத்தால் தெரியும். அறப் போகிற இழையை அறுவதற்கு முன்னாடியே பிடிக்கிறவன் என்று எனக்குப் பேர் இருந்தது. அதே விரல்தான் இங்கேயும். கயிற்றைத் தொட்டால் விராலா, ரோகுவா, கட்லாவா என்று சொல்லிவிடுவேன். செங்கோட்டுவேல் கேட்பான், "மாமா, என்னது?" நான் சொல்வேன். மீன் மேலே வந்து பார்த்தால் நான் சொன்னதுதான். "உங்க விரல்லே கண்ணு இருக்குது மாமா" என்பான். அவன் சொன்னதைத்தான் சொல்கிறேன், நானாகச் சொல்லவில்லை.

போன வருசம் ஐப்பசியில் நடந்ததைச் சொல்கிறேன். நீங்கள் வெளியாள். கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

அன்றைக்குப் பட்டது பெரிய கட்லா. முதுகைப் பார்த்தேன், கறுப்பாகப் பானை கவிழ்ந்த மாதிரி இருந்தது. அம்பு ஏறியதும் ஆழத்துக்கு ஓடிற்று. விட்டேன். நன்றாகவே விட்டேன். திடீரென்று கயிறு நின்றுவிட்டது. மரத்தில் கட்டிய மாதிரி நின்றது. அந்த இடத்தில் தண்ணீருக்கடியில் பழைய வேலமரம் ஒன்று உண்டு, வெட்டாமல் விட்ட மரம். மீன் அதற்குள் புகுந்து கயிற்றைச் சுற்றிவிட்டது.

"மாட்டிக்கிச்சு மாமா."

"மாட்டிக்கிச்சு மாப்ளே."

அவன் சட்டையைக் கழற்றினான். போ என்று நான் சொன்னேனா, போறேன் என்று அவன் சொன்னானா என்பதைப் பல தடவை யோசித்துவிட்டேன். படுத்துக்கொண்டு யோசித்திருக்கிறேன், துணி மடிக்கும்போது யோசித்திருக்கிறேன். பிடிபடவில்லை. அந்தக் கேள்வியிலிருந்து என்னால் வெளியே வர முடியவில்லை. அவன் சொன்ன இன்னொன்று நன்றாக நினைவிருக்கிறது. "மாமா, நான் கயித்தைப் புடிச்சிக்கிட்டே போறேன். எடுத்து உட்டுட்டு மூணு இழுப்பு இழுப்பேன். அப்ப நீங்க இழுங்க."

போனான். முங்கினான். நான் கயிற்றோடு நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் கயிறு அசைந்தது. இழுத்தது. சொல்லுங்கள், அந்தக் கயிற்றின் முனையில் ஒரு மீன் இருக்கிறது, பெரிய மீன், இப்போதுதான் மரத்திலிருந்து விடுபட்டிருக்கிறது. கயிறு இழுக்கிறது. நான் என்ன செய்ய வேண்டும்? இழுத்தால் விட வேண்டும். விட்டேன். மறுபடியும் இழுத்தது. மறுபடியும் விட்டேன். மூன்று இழுப்பா என்று கேட்டால், நான் எண்ணவில்லை. மீன் ஓடும்போது யார் எண்ணிக்கொண்டிருப்பார்கள்? இழுப்பு என்றால் இழுப்புதான்.

அந்தப் பக்கம் வலை விட்டுக்கொண்டிருந்தார் பரிசல்கார ஆரோக்கியம். அவர்தான் கத்தினார். "யோவ்! ஆள் கெடக்கறான்யா உள்ளே! என்னத்தைய்யா கயிறு உட்டுக்கிட்டிருக்கே?"

நான் விட்ட கயிறெல்லாம் அவன் இடது கையைச் சுற்றி, கிளையைச் சுற்றி, மறுபடியும் கையைச் சுற்றிக் கிடந்திருக்கிறது. அந்தப் பக்கம் மீன் இழுத்திருக்கிறது. ஆரோக்கியம் பரிசலிலிருந்து கையை உள்ளே விட்டுக் கத்தியால் கயிற்றை அறுத்து அவனைத் தூக்கினார். அவன் வாயிலிருந்து தண்ணீர் வந்தது. மூச்சு வந்தது. எல்லாம் சரி.

மீன் போய்விட்டது. அம்போடு போய்விட்டது.

அதை நான் யாரிடமும் சொல்வதில்லை. ஆனால் அந்தக் கயிற்றை மீன் இருந்த பக்கம் அறுக்காமல் கரைப் பக்கம் அறுத்திருந்தால் மீன் மரத்தோடேயே கிடந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியிருக்கிறது. ஆரோக்கியத்தைக் குறை சொல்லவில்லை. அவசரத்தில் அவருக்கு அது தெரிந்திருக்காது. நான் அப்படி யோசித்தது சரியா என்றும் யோசித்தேன். சரியில்லைதான். யோசனை வந்துவிட்டது, என்ன செய்வது?

ஆஸ்பத்திரியில் கைக்குத் தையல் போட்டார்கள். கயிறு நரம்பு வரைக்கும் அறுத்திருந்தது. சுண்டு விரலும் அதற்குப் பக்கத்து விரலும் இனிமேல் முழுசாக மடங்காது என்றார்கள். வண்டியில் கியர் போடுகிற கை. இப்போது உள்ளங்கையால் தள்ளிப் போடுகிறான். பழகிவிட்டது என்கிறான்.

கட்டிலில் படுத்துக்கொண்டு என்னைக் கேட்டான். "மாமா, நான் இழுத்தது உங்களுக்குத் தெரியலீங்களா?"

"தெரிஞ்சுது மாப்ளே. மீனுன்னு நெனச்சேன்."

"மீனுன்னா? என்னை எத்தனை கிலோன்னு நெனச்சீங்க?"

"ஒரு பதினஞ்சு கிலோ இருக்கும்னு நெனச்சேன்."

நான் உண்மையைத்தான் சொன்னேன். பக்கத்துக் கட்டில்காரர்கூடச் சிரித்தார். "அட, அத்தனை எளைச்சா போயிட்டேன்" என்று அவனும் சிரித்தான். என் சம்சாரம் சம்பூரணம் மட்டும் சிரிக்கவில்லை. தூக்குவாளியிலிருந்து எனக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தவள், நான் டம்ளரைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சுடலீங்களா?" என்றாள். இல்லை என்றேன். அவளே வாங்கிக் கீழே வைத்தாள். அவளுக்கு எப்போதும் அப்படி ஒரு அக்கறை. இந்த ஒரு வருசமாகச் சட்டைக்குப் பொத்தான்கூட அவள்தான் போட்டுவிடுகிறாள்.

எனக்குச் சர்க்கரை இருக்கிறது. யாருக்கு இல்லை? மாதா மாதம் மாத்திரை வாங்கப் போவேன். டாக்டர் பாதத்தில் ஊசி மாதிரி ஒன்றால் குத்திப் பார்த்து, "தெரியுதா? தெரியுதா?" என்று கேட்பார். செருப்பு இல்லாமல் நடக்காதீர்கள் என்பார். காலைப் பற்றித்தான் பேச்சு. கையைப் பற்றி அவர் கேட்கவில்லை. கேட்காததை நான் எதற்குச் சொல்ல வேண்டும்?

விசயத்துக்கு வருகிறேன். என் வருத்தம் அந்த நாளைப் பற்றி இல்லை. அது யாருக்கும் நடக்கும். அதற்கு அப்புறம் நடந்ததுதான்.

கை ஆறியதும் என்னைக் கூப்பிடுவான் என்று ஒவ்வொரு ஞாயிறும் காத்திருந்தேன். விடிந்ததும் குளித்துவிட்டுத் தயாராக உட்கார்ந்திருப்பேன். வண்டிச் சத்தம் கேட்டால் எழுந்து பார்ப்பேன். கூப்பிடவில்லை. கை வலிக்குதோ, வில் பிடிக்க முடியவில்லையோ என்று நினைத்துக்கொண்டேன். ஒரு ஞாயிறு டீக்கடையில் நிற்கிறேன், மோட்டார் பைக்கில் போகிறான். கையில் வில். பின்னால் அத்தியப்பன். அவர் மடியில் என்னுடைய வாளி. என்னுடைய கயிறு.

என்னைப் பார்த்தான். கையைத் தூக்கினான். நிற்கவில்லை.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. அழுகை வந்திருக்க வேண்டும், அதுவும் இல்லை. டீயைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். வெல்டிங் வைக்கிறவனுக்கு இழையைப் பற்றி என்ன தெரியும்? இரும்பைத் தொட்டுத் தொட்டுக் காய்த்துப்போன கை அது. அந்தக் கையில் போய்க் கயிற்றைக் கொடுக்கிறான். இதைத்தான் சம்பூரணத்திடம் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அவன் உங்களை வேண்டாம்னு சொன்னானா?"

"சொல்லலே. அதுதான் வருத்தம். சொல்லிட்டாவது போயிருக்கலாம்."

"கேட்டுப் பாக்க வேண்டியதுதானுங்க?"

"நான் போய்க் கேட்கணுமா? அக்கா ஊட்டுக்காரன் போய்க் கயித்தைக் கொடுன்னு கேட்கறதா?"

அவள் முறத்தை வைத்துவிட்டுப் போனை எடுத்தாள். என் எதிரிலேயே பேசினாள். "வேலு, வந்துட்டுப் போ. வரும்போது அந்தக் கயித்தையும் எடுத்துக்கிட்டு வா."

வந்தான். கரண்ட் இல்லாத மத்தியானம். நான் வேலை பார்க்கிற தறிக் கொட்டகையில் தறி எல்லாம் நின்றிருந்தது. ஓனர் வீட்டுக்குப் போயிருந்தார். கொட்டகைக்கு அந்தக் கடைசியில் செங்கோட்டுவேல் கயிற்றின் ஒரு முனையோடு நின்றான். இந்தக் கடைசியில் ஸ்டூல் போட்டு என்னை உட்கார வைத்தார்கள். சம்பூரணம் நடுவில், தறிக் கட்டையில் சாய்ந்துகொண்டு.

"கண்ணை மூடிக்குங்க மாமா."

"எதுக்குடா, சாமி கும்புடவா?"

"மூடிக்குங்க. நான் இழுக்கறேன். நீங்க சொல்லுங்க."

சின்னப்பிள்ளை விளையாட்டு. இருந்தாலும் மூடினேன். கயிற்றை விரலுக்கு நடுவில் வைத்துக்கொண்டேன்.

"இப்ப?"

"இழுக்கறே."

"இப்ப?"

"உட்டுட்டே."

"இப்பங்க மாமா?"

"இழுக்கறே. லேசா இழுக்கறே. கெண்டைக் குஞ்சு மாதிரி."

"இப்ப?"

"நிக்குது. இல்லே, இரு, ஓடுது. நல்லா ஓடுது. என்னடா, உன் கையை எனக்குத் தெரியாதா?"

கண்ணைத் திறந்தேன். என் இரண்டு கையும் மடிக்கு மேலே, கயிறு பிடிக்கிற மாதிரியே இருந்தது. கயிறு தரையில் கிடந்தது. ஸ்டூலுக்கு வெகுதூரம் முன்னாடி, சம்பூரணத்தின் காலடிக்கும் அந்தப் பக்கம் கிடந்தது.

"எப்படா புடுங்குனே?"

"புடுங்கலீங்க மாமா. மொத இழுப்புக்கே வந்துருச்சு."

வியர்வை. மத்தியானம், காற்றாடி ஓடவில்லை, கையெல்லாம் வியர்த்திருந்தது. நைலான் கயிறு காய்ந்திருந்தால் வழுக்கும். தண்ணீரில் நனைந்த கயிறு வேறு, காய்ந்த கயிறு வேறு. இதை அவனிடம் சொன்னேன். "ஆமாங்க மாமா" என்றான். ஒத்துக்கொண்டான். சம்பூரணம் என் பக்கத்தில் வந்து குனிந்து, என் விரலை ஒவ்வொன்றாகக் கிள்ளினாள். "இது தெரியுதா? இது?" தெரிகிறது என்றேன். அவள் எந்த விரலைக் கிள்ளுகிறாள் என்று பார்த்துக்கொண்டே சொன்னேன்.

அவர்கள் இரண்டு பேரும் வெளியே போய்க் கொஞ்ச நேரம் பேசினார்கள். அக்கா தம்பிக்குள் ஆயிரம் இருக்கும். அவன் திரும்பி வந்து சொன்னான். "ஞாயித்துக்கெழமை வந்துருங்க மாமா. நீங்களே கயிறு புடிங்க."

அன்றைக்கு அவள் கறி எடுத்து வந்து சமைத்தாள். நான் ஜெயித்ததற்கு என்று நினைக்கிறேன்.

அதிலிருந்து எல்லா ஞாயிறும் நான்தான். ஒரே ஒரு மாற்றம். முன்னெல்லாம் வாளி என் காலுக்கு நடுவில் இருக்கும். இப்போது வாளி பின்னால் அத்தியப்பனிடம் இருக்கிறது. குனிந்து குனிந்து கயிறு அடுக்குவது என் வயதுக்கு வேண்டாம் என்று செங்கோட்டுவேல் சொல்லிவிட்டான். கயிறு அம்பிலிருந்து என் கை வழியாகப் பின்னால் அவரிடம் போகிறது. அவர் சும்மா வாளியைப் பார்த்துக்கொள்கிறார். அவரையும் வேண்டாம் என்று சொல்ல முடியாது, பாவம், பழகிவிட்டார்.

நான் திரும்பி வந்ததிலிருந்து ஒரு மீன்கூடத் தப்பவில்லை. ஒன்றுகூட. கரைக்கு வந்து ஓடுகிற அந்தக் கடைசி ஓட்டத்தில்கூடத் தப்பவில்லை. அந்தக் காலத்தில் நான் தனியாகப் பிடித்தபோதுகூட இப்படி இல்லை. எத்தனையோ தப்பியிருக்கிறது. அதையும் யோசிக்கிறேன். எதற்கு இப்போது மட்டும் ஒன்றும் தப்புவதில்லை?

போன வாரம் ஒன்று கவனித்தேன். மீன் பட்டதும் செங்கோட்டுவேல் கத்துவான், "உடுங்க மாமா!" "இழுங்க மாமா!" என்று. முன்பெல்லாம் அப்படிக் கத்த மாட்டான், கயிறு பிடிக்கிறவனுக்கே தெரியும் என்று விட்டுவிடுவான். இப்போது கத்துகிறான். கத்தும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. என் தலைக்கு மேலாக, எனக்குப் பின்னால் பார்க்கிறான். மீன் கரைக்கு வந்த பிறகு ஓடிவந்து, "சூப்பர் மாமா" என்று என் தோளில் தட்டுகிறான், அந்த மடங்காத கையால்.

நல்ல பையன். எனக்கு அவன்மேல் ஒன்றும் இல்லை. அவனுக்கும் என்மேல் ஒன்றும் இல்லை என்றுதான் நினைக்கிறேன். இருந்தால் கூப்பிடுவானா? நீங்கள் சொல்லுங்கள், கூப்பிடுவானா?

இருங்கள். அசையாதீர்கள். வில் எழும்பிவிட்டது.

அதோ அந்தத் தட்டைக்குப் பக்கத்தில் தண்ணீர் சுழிக்கிறது பாருங்கள். கட்லா. வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. பெரிசு. முதுகு தெரிகிறதா? எனக்குத் தெரிகிறது. கண் எனக்கு நன்றாக இருக்கிறது. கண்ணில் ஒரு குறையும் இல்லை.

பட்டுவிட்டது.

கேட்டதா? "உடுங்க மாமா" என்கிறான். விட்டேன். விட்டுக்கொண்டிருக்கிறேன்.

கயிற்றைப் பார்த்துக்கொண்டு கயிறு பிடிக்கக் கூடாது. தண்ணீரைத்தான் பார்க்க வேண்டும். என் சம்சாரம் கிள்ளினபோது பார்த்தேன், அது வேறு. இங்கே எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், குனிந்து கையைப் பார்த்தால் அவனுக்குத் தெரிந்துவிடும். அவனுக்குத் தெரிந்தால் சம்பூரணத்திடம் போகும். அடுத்த ஞாயிறு வண்டி நிற்காமல் போகும்.

அதனால் நீங்கள் பாருங்கள். தலையைத் திருப்ப வேண்டாம், கண்ணை மட்டும் திருப்புங்கள். என் கையைப் பாருங்கள். மெதுவாகச் சொன்னால் போதும், அத்தியப்பனுக்குக் கேட்காது. கயிறு ஓடுகிறதா, நிற்கிறதா?

முதலில் இதைச் சொல்லுங்கள். கையில் இருக்கிறதா?